மைக் அமிர்தநாதனின் எட்டுச் சனிக்கிழமைகள்

கோயம்புத்தூர் கணபதியில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்க்கிறார் அமிர்தநாதன். கம்பெனி வாசலைத் தாண்டிவிட்டால் அவரை ஸ்டோர்காரர் என்று யாருக்கும் தெரியாது. மைக் அமிர்தநாதன் என்றால்தான் தெரியும். சூலூர், அன்னூர், கிணத்துக்கடவு, பெருந்துறை என்று எங்கே கபடிப் போட்டி நடந்தாலும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அவர் பைக் அந்த மைதானத்துக்கு வந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக வர்ணனை சொல்கிறார். ஆடுகிறவர் பெயர், ஊர், போன வருடம் எந்த ஆட்டத்தில் யாரை மடக்கிப் பிடித்தார் என்பது வரை கையில் ஒரு காகிதமும் இல்லாமல் கொட்டுவார். அவர் குரல் ஏறினால் டீக்கடையில் நிற்பவர்கள் கிளாசோடு மைதானத்துக்கு ஓடி வருவார்கள்.

போன வருடம் மாசி மாதம் அந்தக் குரல் கட்டியது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. மிளகுப் பால் குடித்தார், ஆவி பிடித்தார், மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டார். சரியாகவில்லை. அவர் மனைவி ரூத் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"ஏனுங்க, இன்னியோட நாப்பத்திரண்டு நாளாச்சு. எந்தச் சளியும் அத்தன நாள் இருக்காது. கெளம்புங்க" என்று அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

குரல் நாணில் புற்றுநோய். ஆரம்ப நிலைதான், அறுவை வேண்டாம், ரேடியேஷன் போதும் என்றார் டாக்டர். கரண்ட் வைக்கிறது என்பார்கள் எங்கள் பக்கத்தில். முப்பத்து மூன்று நாள் வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்தது, எச்சில் விழுங்குவதே முள்ளை விழுங்குவது போல இருந்தது. ஆனால் அமிர்தநாதன் அசரவில்லை. தினமும் காலை எட்டு மணிக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். டெக்னீஷியன் பையன்களிடம் சைகையிலேயே கபடி பேசுவார். "மாமா, நீங்க பேஷன்ட்டா, கெஸ்ட்டா?" என்று நர்சுகள் கேலி செய்தார்கள்.

ஜூன் மாதம் கடைசிக் கரண்டும் வைத்து முடிந்தது. கேமரா விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: "சுத்தமா இருக்கு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வந்து காட்டுங்க. மூணு மாசம் போகட்டும், மெதுவா மைக் பிடிக்கலாம்." அன்று மகள் டீனா கல்லூரியிலிருந்து வரும்போது கேக் வாங்கி வந்தாள். பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொன்னார். சொந்தம், ஒறம்பரை எல்லாம் வந்து கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அமிர்தநாதன் குளித்து, சட்டை போட்டு, கட்டிலில் உட்கார்ந்தார். போவதற்கு இடம் இல்லை. அப்போதுதான் முதல் தடவையாக அவருக்குப் பயம் வந்தது. இத்தனை நாள் ஒரு இயந்திரம் தினமும் அந்த நோயைச் சுட்டுக்கொண்டிருந்தது. இனி அதை யார் பார்த்துக்கொள்வது?

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனை எடுத்து, "வணக்கம். ஒன்று, இரண்டு, மூன்று" என்று பேசிப் பதிவு செய்தார். கேட்டுப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. அடுத்த நாளும் பதிவு செய்தார். முந்தின நாளுடையதோடு சேர்த்துக் கேட்டார். இன்று கொஞ்சம் கரகரப்பு கூடியிருக்கிறதோ? மறுபடி கேட்டார். கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். ஒரு வாரத்தில் அது காலைக் கடன்களில் ஒன்றாகிவிட்டது. கம்பெனியில் யாராவது "குரல் ஒரு மாதிரி இருக்குதுங்களே" என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்கச் சோறு இறங்காது. டாக்டர் சொன்ன மூன்று மாதமும் கழிந்தது. போட்டிக்கு அழைத்தவர்களிடமெல்லாம், "டாக்டர் இன்னும் பேசக் கூடாதுங்கறாருங்க" என்று பொய் சொன்னார். வீட்டிலோ நல்லா இருக்கேன் என்றார். எல்லோரும் கேக் வெட்டிவிட்டார்களே, இனி எப்படிச் சொல்வது?

நவம்பரில் ஒரு ஞானஸ்நான விருந்தில் படம் எடுக்க டீனா அப்பாவின் போனை வாங்கினாள். இடம் இல்லை என்றது போன். எதை அழிக்கலாம் என்று பார்த்தால் நூற்று நாற்பத்தொன்பது குரல் பதிவுகள். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ரூத் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். வணக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. வணக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. முப்பதாவதுக்கு மேல் அவளால் முடியவில்லை.

"நூத்தி நாப்பத்தொம்பது நாளா தனியா இதையவே கேட்டுட்டு இருந்தீங்களா?" என்றாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க."

மைக்கில் நாலு மணி நேரம் மூச்சு விடாமல் பேசுகிற மனுசனுக்கு 'பயமா இருக்குது' என்ற இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு ரூத்தும் கூடவே போனாள், போனையும் எடுத்துக்கொண்டு. டாக்டர் இரண்டு பதிவு கேட்டார், சிரிக்கவில்லை. மூன்றாவது மாடியில் லோகப்பிரியா என்ற ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார். முப்பது வயதிருக்கும் அந்தப் பெண்ணுக்கு. அவள் சொன்னாள்: "சிகிச்சை முடிஞ்சதுக்கு அப்புறம் பயம் வர்றது ரொம்பப் பேருக்கு நடக்கறதுதான் சார். நடக்கும்போது தாங்கிக்குவாங்க, முடிஞ்ச பிறகுதான் ஆட ஆரம்பிக்கும். எட்டு சனிக்கிழமை, காலைல பதினோரு மணி. உங்களை மாதிரியே சிகிச்சை முடிச்சவங்க மூணு பேரு வர்றாங்க. நீங்க நாலாவது."

வேண்டா வெறுப்பாகத்தான் முதல் சனிக்கிழமை போனார். உபதேசம் செய்வார்கள், மூச்சை இழுத்து விடச் சொல்வார்கள் என்று நினைத்துக் கதவோரமாகப் பார்த்து உட்கார்ந்தார். பிசியோதெரபிக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. வட்டமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். லோகப்பிரியா உபதேசம் எதுவும் செய்யவில்லை. "வீட்ல யாருக்கும் தெரியாம நீங்க செய்யற ஒரு விசயம் சொல்லுங்க" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் எதிரில் இருந்த அம்மாள் தொண்டையைச் செருமினார். ராசாத்தாள், அறுபத்திரண்டு வயது, கொடுமுடியில் மஞ்சள் விவசாயம். மார்பில் வந்து, அறுவை ஆகி, இரண்டு வருடம் ஆகிறது.

"நான் அக்குள்ல கட்டி இருக்குதான்னு தடவிப் பார்ப்பேனுங்க" என்றார். "காத்தால ஒருக்கா, மத்தியானம் ஒருக்கா, பொழுது சாய ஒருக்கா. தடவித் தடவித் தோலு புண்ணாப் போச்சு. இப்ப அந்தப் புண்ணு எதுக்கு வந்துச்சுன்னு பயமா இருக்குதுங்க."

லோகப்பிரியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ராசாத்தாளும் சிரித்தார். அடுத்து இருந்தவர் பாத்திமுத்து, உக்கடத்தில் கல்யாணங்களுக்குப் பிரியாணி செய்து கொடுப்பவர், குடலில் வந்தது. "நான் தெனமும் எதைப் பார்க்கறேன்னு மட்டும் கேட்டுராதீங்க. எல்லாரும் சோறு திங்கற நேரம் வந்துருச்சு" என்றார். இந்த முறை அறையே குலுங்கியது. மூன்றாவது அருண்குமார், இருபத்தொன்பது வயது, சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை, நிணநீர்க் கட்டியில் புற்று வந்து சரியானவன். பையில் இருந்து தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினான். "ஒரு நாளைக்கு ஏழு தடவைங்ணா. ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவுல வெளிய போய் வச்சுப் பார்த்துட்டு வருவேன்."

அமிர்தநாதன் எழுந்து நின்றுவிட்டார். உட்கார்ந்தபடி பேச அவருக்கு வராது. குளியலறை, போன், டார்ச், நூற்று நாற்பத்தொன்பது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினார். கொட்டி முடித்ததும் ராசாத்தாள், "ஒண்ணு போட்டுக் காட்டுங்க தம்பி, கேட்போம்" என்றார். போட்டார். வணக்கம், ஒன்று, இரண்டு, மூன்று. நான்கு பேரும் தலையைச் சாய்த்துக் கேட்டார்கள்.

"நல்லாத்தானே இருக்குது. கொஞ்சம் தூக்கக் கலக்கமா இருக்குது, அவ்வளவுதான்" என்றார் ராசாத்தாள்.

வெளியே வந்தவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வண்டியை எடுக்காமல், ஆஸ்பத்திரி வாசலில் இளநீர்க் கடைக்குப் பக்கத்தில் நின்று ரூத்துக்குப் போன் போட்டார். அந்தம்மா இப்படிச் சொன்னாங்க, இந்தப் பையன் தெர்மாமீட்டர எடுத்தான் பாரு என்று ஆட்டத்தைச் சொல்வது போலச் சொன்னார். எல்லாருமே செய்யறாங்க ரூத்து, நான் மட்டும் பைத்தியம் இல்ல என்றார். மாசிக்குப் பிறகு அவர் அவசர அவசரமாகப் பேசுவதை ரூத் அன்றுதான் கேட்டாள்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை எப்போது வரும் என்றிருந்தது அவருக்கு. பதினோரு மணிக்கு என்றால் பத்தேகாலுக்கே போய் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வைப்பார். ராசாத்தாள் காலை ரயிலில் வந்து இறங்குவார். லோகப்பிரியா ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை கொடுத்தாள். பார்க்க வேண்டும் என்று கை பரபரக்கும்போது உடனே பார்க்காமல் பத்து நிமிடம் தள்ளிப் போட வேண்டும். அடுத்த வாரம் அரை மணி. கவலைப்படுவதற்கென்று மாலையில் கால் மணி நேரம் ஒதுக்கி, மற்ற நேரத்தில் வரும் கவலையை அந்த நேரத்துக்கு வரச் சொல்ல வேண்டும்.

"அஞ்சரைக்கு உட்கார்ந்தேனுங்க" என்றார் ராசாத்தாள், "கவலைப்படலாம்னு. அன்னிக்குன்னு பார்த்து ஒண்ணுமே வரல. கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்து மாட்டைப் பார்த்துட்டு எந்திரிச்சுப்போட்டேன்."

அமிர்தநாதன் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து 'மூன்றாவது மாடி' என்று பெயர் வைத்தார். தினமும் எத்தனை தடவை பார்த்தோம் என்பதை அதில் உண்மையாகச் சொல்ல வேண்டும். "இன்றைய நிலவரம்: அருண்குமார் நான்கு, பாத்திமுத்து ஒன்று, அமிர்தநாதன் ஒன்று, ராசாத்தாள் அக்கா இன்னும் களத்துக்கு வரவில்லை" என்று எழுதுவார். ராசாத்தாளுக்கு எழுத வராது. டிராக்டர் சத்தத்துக்கு நடுவே, "ரெண்டுங்க, ரெண்டே தடவைதானுங்க" என்று குரலில் அனுப்புவார். ஒரு நாள் அமிர்தநாதன் 'பூஜ்யம்' என்று எழுதினார். பாத்திமுத்து அன்று பத்துப் பூ அனுப்பினார்.

எல்லாம் ஏறுமுகமாகவே போய்விடவில்லை. ஐந்தாம் வாரம் அருண்குமாருக்கு ஸ்கேன். அதற்கு மூன்று நாள் முன்னாலிருந்து அவன் போனை எடுக்கவில்லை. ஸ்கேன் சுத்தமாக வந்த பிறகும் சனிக்கிழமை வந்து தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "சந்தோசம் நாலு நாள்தாங்ணா இருந்துச்சு. அஞ்சாவது நாள் பழையபடி தெர்மாமீட்டர்." யாரும் அவனுக்குத் தைரியம் சொல்லவில்லை. பாத்திமுத்து மட்டும் டிபன் பாக்ஸைத் திறந்து அவன் பக்கம் நகர்த்தினார். "நல்ல ரிசல்ட் வந்தாப் பயம் போயிரும்னு இருந்தா, ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் காத்துக்கிட்டே இருக்கணும்" என்றாள் லோகப்பிரியா. "தெரியாமலே இருக்கும்போது நம்ம வேலைய எப்படிச் செய்யறதுன்னுதான் பார்க்கறோம். பயத்தால தள்ளிப் போட்டது என்னென்ன, சொல்லுங்க."

பாத்திமுத்து ஒரு மாதத்துக்கு மேல் தள்ளி எந்தக் கல்யாணத்துக்கும் ஒப்புக்கொள்வதில்லை என்றார். அருண்குமார் பெண் பார்க்க வேண்டாம் என்று வீட்டில் சண்டை போட்டிருந்தான். அமிர்தநாதன் முதல் தடவையாகத் தன் பொய்யைச் சொன்னார். "டாக்டர் மைக் பிடிக்கலாம்னு சொன்ன கெடு தாண்டி மூணு மாசம் ஆச்சுங்க. நான்தான் ஊரெல்லாம் பேசக் கூடாதுன்னு சொல்லிட்டுத் திரியறேன். பேசி, குரல் போச்சுன்னா? அது வந்துதான் போச்சுன்னு தெரிஞ்சுபோச்சுன்னா?"

அந்த வாரமே சூலூரிலிருந்து காளிச்சாமி போன் செய்தார். பதினைந்து வருடமாகப் பொங்கல் விடுமுறையில் பெண்கள் கபடிப் போட்டி நடத்துகிறவர், தவிட்டுக் கடைக்காரர். "ஏனுங்க அமிர்தநாதன், பொங்கல் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கிழம ஃபைனல். உங்களக் கேட்டுட்டுத்தான் வேற ஆளப் பார்க்கோணும்" என்றார். "வாரனுங்க" என்றார் அமிர்தநாதன். சொல்லிவிட்டு ஸ்டோர் அறையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். குழுவில் போட்டார். உடனே கொடுமுடியிலிருந்து டிராக்டர் சத்தம் இல்லாமல் ஒரு குரல் வந்தது: "எங்க ஊரு டீமு வருதுங்களா?" வருகிறது என்றார். "அப்ப நானும் வாரேன்" என்றார் ராசாத்தாள்.

போட்டிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அமிர்தநாதனுக்குச் சளி பிடித்தது. மார்கழிப் பனி, கம்பெனியில் பாதிப் பேருக்கு இருமல். மூன்றாம் நாள் காலையில் வாயைத் திறந்தால் குரல் ஓட்டை மூங்கில் மாதிரி வந்தது. சென்ற வருடம் மாசியில் வந்த அதே குரல். கை தானாகப் போனைத் தேடியது. அன்று பதினோரு முறை பதிவு செய்தார். அன்றைய நிலவரத்தில் ஒளிக்காமல் 'பதினொன்று' என்று போட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். "காய்ச்சல், மூக்கொழுகல் எல்லாம் இருக்கே, சளியாத்தான் இருக்கும்" என்றார் டாக்டர். "எப்படியும் அடுத்த செவ்வாய்க்கு அடுத்த செவ்வாய் உங்க முறை. அன்னிக்குக் கேமரா விட்டுப் பார்த்துடலாம். மூச்சு முட்டுச்சுன்னாலோ, ரத்தம் வந்தாலோ உடனே வாங்க. அதுவரைக்கும் கத்தாதீங்க. குசுகுசுன்னும் பேசாதீங்க, அதுவும் கெடுதல். பக்கத்துல இருக்கறவங்ககிட்டப் பேசற மாதிரி தணிச்சுப் பேசுங்க."

போட்டி ஞாயிற்றுக்கிழமை. பரிசோதனை அதற்கடுத்த செவ்வாய். இரண்டு நாள் மாறி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தார்.

ஏழாவது சனிக்கிழமை அதே பேச்சுதான். காளிச்சாமியிடம் முடியாது என்று சொல்லிவிடப் போவதாகச் சொன்னார். "செவ்வாய்க்கிழம நல்ல சேதி வரட்டும், அடுத்த வருசம் பார்த்துக்கலாம்." யாரும் போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ராசாத்தாள்தான் கேட்டார்: "ஏன் தம்பி, செவ்வாக்கெழம கெட்ட சேதியா இருந்தா, ஞாயித்துக்கெழம போயிருக்கலாமேன்னு தோணாதுங்களா?"

அமிர்தநாதன் அவரைப் பார்த்துத் தலையாட்டினார். காளிச்சாமிக்கு அவர் போன் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மைதானத்தில் நிற்க இடமில்லை. கம்பு கட்டிய கேலரியில் பெண்கள், குழந்தைகள். டிராக்டர் மேலேயும் வேப்பமரக் கிளையிலும் பையன்கள். கரும்புச்சாறு மிஷின் மணி அடித்துக்கொண்டே இருந்தது. முன் வரிசையில் ரூத், டீனா, பாத்திமுத்து, அருண்குமார், நடுவில் கொடுமுடி அணியின் மஞ்சள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ராசாத்தாள். எதிர் அணி ஆனைமலை. அவர்களுடைய ரெய்டர் இனியா அந்த வருடம் யாருக்கும் பிடிபடாத பெண். கொடுமுடியின் காப்பாளர் நந்திதா, கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள்.

அமிர்தநாதன் வெந்நீர் பாட்டிலோடு மேடை ஏறினார். மைக்கை வாய்க்கு மிக அருகில் பிடித்து, தணிந்த குரலில், "எல்லாருக்கும் வணக்கமுங்க" என்றார். ஒலிபெருக்கியில் கரகரவென்று வந்தது. கூட்டத்தில் விசில் அடித்தார்கள். "சத்தம் வைங்ணா" என்று மரத்திலிருந்து ஒருவன் கத்தினான். "மைக்கு செட்டு போச்சு" என்றான் இன்னொருவன். இருபத்திரண்டு வருடத்தில் அமிர்தநாதனைப் பார்த்து யாரும் அப்படி விசில் அடித்ததில்லை.

"மைக்கு செட்டு நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். "என்ற தொண்டைதான். போன வருசம் இதுல கேன்சர் வந்துச்சு. முப்பத்திமூணு நாள் கரண்ட் வச்சு சரி பண்ணுனாங்க. இப்பச் சளி பிடிச்சிருக்குது. சளிதானா வேறயான்னு நாளன்னிக்குத்தான் தெரியும். அதுவரைக்கும் நாம ஆட்டத்தப் பார்க்கலாமுங்க."

விசில் நின்றது. கரும்புச்சாறுக்காரர் மிஷினை நிறுத்திவிட்டார்.

அன்று அவர் கத்தவில்லை. கத்த முடியாது. அதனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் சொல்வது போலச் சொன்னார். "இப்ப இனியா வலது பக்கமாப் போறாங்க, பார்த்துக்குங்க. அந்தக் காலை மட்டும் பாருங்க." கூட்டம் காலைப் பார்த்தது. முன்பெல்லாம் அவர் சத்தத்துக்கு மேல் கூட்டம் சத்தம் போடும். இன்று அவர் சொல்வது காதில் விழ வேண்டும் என்று பக்கத்தில் பேசுகிறவனைக் கூட்டமே அடக்கியது. களத்தில் கால் மண்ணைத் தேய்க்கிற சத்தமும், ரெய்டுக்குப் போகிற பெண்ணின் 'கபடி கபடி'யும் கேட்டது. அவருக்கே அந்தச் சத்தங்களை இத்தனை வருடத்தில் இப்போதுதான் கேட்கிறோம் என்று தோன்றியது. பாதி ஆட்டத்தில் இறங்கி வந்து வெந்நீர் குடித்தார். "பயமா இருக்குதுங்களா?" என்று ரூத் கேட்டாள். "இருக்குது. ஆனா ஆட்டம் என்னமாப் போகுது பார்த்தியா" என்று மறுபடி மேலே ஓடினார்.

கடைசி ரெய்டு. ஆனைமலை முப்பது, கொடுமுடி இருபத்தொன்பது. ஆனைமலையின் முந்தின இரண்டு ரெய்டும் வெறுமனே போய்விட்டதால், இந்த மூன்றாவதில் இனியா புள்ளி எடுத்தே ஆக வேண்டும். எடுக்காவிட்டால் அவள் வெளியே, கொடுமுடிக்கு ஒரு புள்ளி, ஆட்டம் சமன். கொடுமுடிக் களத்தில் மூன்றே பேர். மூன்று பேராக இருக்கும்போது பிடித்துவிட்டால் கொடுமுடிக்கு இரண்டு புள்ளி, கோப்பையும் அவர்களுக்கு.

இதையெல்லாம் அமிர்தநாதன் நிதானமாகச் சொன்னார். பிறகு குரலை இன்னும் தணித்தார்.

"இனியா கோட்டைத் தாண்டிட்டாங்க. மூணு பேரும் பின்னால நிக்கறாங்க. நந்திதா மூலையில. அசையல. இனியா இடது பக்கம் ஒரு கை வீசறாங்க. இல்ல, படல. இன்னும் பன்னண்டு செகண்ட். நந்திதா இன்னும் அசையல. இனியா உள்ள வாராங்க. இன்னும் ஒரு அடி. இன்னும்..."

அதோடு நிறுத்தினார். இனியாவின் கால் விரல் நந்திதாவின் முழங்காலைத் தொட நீண்ட அந்த நொடியில் நந்திதா தரையோடு பாய்ந்து இரண்டு கையாலும் அந்தக் கணுக்காலைக் கட்டிக்கொண்டாள். மற்ற இருவரும் மேலே விழுந்தார்கள். இனியா நான்கு அடி இழுத்துக்கொண்டே வந்தாள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் விரல்கள் மண்ணைப் பறித்தன. எட்டவில்லை. நடுவர் விசில் ஊதினார்.

"பிடிச்சுப்போட்டாங்க" என்றார் அமிர்தநாதன்.

அதற்குப் பிறகு அவர் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. கேலரி முழுக்க எழுந்து நின்றது. ராசாத்தாள் மஞ்சள் துண்டைச் சுழற்றியபடி களத்துக்குள்ளேயே போய்விட்டார், அவரைப் பிடிக்க அருண்குமார் பின்னால் ஓடினான். பாத்திமுத்து ரூத்தின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "என்ன ஆச்சு, நாமதானே ஜெயிச்சோம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். தோற்று எழுந்த இனியா முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு நேராக மேடைக்கு வந்தாள். "மாமா, நீங்க சொன்னது களத்துக்குள்ள அப்படியே கேட்டுச்சுங்க. 'இன்னும் ஒரு அடி'ன்னு சொன்னீங்க, அதுல நானே ஏமாந்து போயிட்டேன்" என்று சிரித்தாள். அமிர்தநாதன் கையெடுத்துக் கும்பிட்டார். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

செவ்வாய்க்கிழமை மூக்கு வழியாகக் கேமரா போகும்போது ரூத் அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "கொஞ்சம் சிவந்திருக்கு. சளிதான். வேற ஒண்ணும் இல்ல. ஞாயித்துக்கிழம என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டார். "தணிச்சுத்தான் பேசுனேனுங்க" என்றார் அமிர்தநாதன். வெளியே வந்ததும் குழுவில் போட்டார். நல்ல சேதி கேட்டால் ஆகாயத்தில் பறப்போம் என்று நினைத்திருந்தார். சந்தோசம் வந்தது, நிறையவே வந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்த அளவுக்கு இல்லை. அதை ரூத்திடம் சொன்னார். "எனக்கும் அப்படித்தானுங்க" என்றாள் அவள்.

பொங்கல் விடுமுறையால் தள்ளிப்போன எட்டாவது கூட்டம் அந்தச் சனிக்கிழமை நடந்தது. பாத்திமுத்து சித்திரை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஒப்புக்கொண்டுவிட்டதாகச் சொன்னார். அருண்குமார் இன்னும் தெர்மாமீட்டரை விடவில்லை, இரண்டு தடவை. பெண் பார்க்க மட்டும் சரி என்று சொல்லியிருக்கிறான். ராசாத்தாளோ நந்திதாவின் ஆட்டத்தைப் பற்றியே பேசினார். அவளுடைய வீடு தங்கள் வாய்க்காலுக்கு அடுத்த வாய்க்கால் என்று கண்டுபிடித்து, நேரில் போய்ப் பார்த்துவிட்டும் வந்திருந்தார்.

"இன்னியோட முடியுது. எப்படி இருக்கு?" என்று லோகப்பிரியா கேட்டாள்.

"பயமா இருக்குதுங்க மேடம்" என்றார் அமிர்தநாதன். உட்கார்ந்தபடியேதான் சொன்னார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. காளிச்சாமி. பவானியில் மாசியில் பெரிய போட்டியாம், எட்டு மாவட்ட அணிகள் வருகின்றன. "அன்னிக்குப் பேசுனீங்களே, அதே மாதிரி மெதுவாத்தான் வேணும்னு கேக்கறாங்க. வரோணுமுங்க" என்றார் அவர்.

அடுத்த பரிசோதனை மார்ச்சில். பவானிப் போட்டி அதற்கு முந்தின ஞாயிறு. அமிர்தநாதன் போனைக் காதில் வைத்தபடியே மற்ற மூவரையும் பார்த்தார்.

"எத்தன மணிக்கு ஆரம்பிக்கறாங்கன்னு கேளுங்க தம்பி" என்றார் ராசாத்தாள். "எனக்கு ரயிலு பார்க்கோணும்."